வீக்கந்தணி மருந்தும் குடிவழிப் பெருங்குடற் புற்றுநோயும்

கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீளும் கடற்கரை ஊர்களிலே ஒருவரைப் பிறருக்கு அறிமுகஞ் செய்யுமிடத்து, இன்னாருடைய மகன் என்று கூறுவதோடு அமையாது, இன்ன குடியினர் என்றுங் கூறுவது முன்னோர் வழக்கு. அக்குடி தாய்வழியாக வருவது. தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இவ்வழக்குப் பொதுவாயிருந்தது. குடிமுறையையொட்டிக் கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் இருந்து காரியம் நடத்தியதை இப்பகுதியின் வரலாற்றை அறிந்தார் யாவரும் அறிவர். இன்று அவ்வழக்குத் தளர்ந்துவிட்டதாயினும், "அந்த நோய் அவர்கள் குடும்பத்தில் ஓடுகிறது" என்னும் பேச்சு மட்டும் தளரவில்லை. நீரிழிவைப் பற்றியும் ஈளையைப் பற்றியும் அவ்வாறு வெளிப்படையாகப் பேசுவோர், பெருங்குடலிலும் கருப்பையிலும் தோன்றும் புற்றுநோயைப் பற்றி வாய் திறப்பதில்லை. "வயிற்றுக் கோளாறு" என்று சொல்லி அடக்கஞ் செய்துவிடுகின்றனர்.

விழா மலரொன்றிற்கு இத்தகைய பொருள் தகுமா எனச் சிலர் வினவுதல் கூடும். நம் கல்லூரியின் பெருமையையும் விளையாட்டு வெற்றிகளையும் எழுத வல்லார் பலர் இம்மலரிலே எழுதியுள்ளனர். ஆயின் இதனைக் கையிலேந்தும் பழைய மாணவருள் பெரும்பாலார் நாற்பதைத் தாண்டியவர். பலருக்குப் பேரப்பிள்ளைகளும் உளர். இந்நோய் தேடிவரும் வயதும் அதுவே. ஆகவே, மலிவான ஒரு குளிகையினால் இந்நோயைத் தடுக்கலாமா என்று உலகம் நாற்பதாண்டுகளாக ஆராய்ந்து வந்த வரலாற்றை இங்கு எழுதத் துணிந்தேன்.

வரலாறு ஒரு தையற்காரப் பெண்ணிடமிருந்து தொடங்குகின்றது. 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையிலே நோயியல் அறிஞராயிருந்த ஓல்ட்ரெட் வார்தின் என்பாரின் வீட்டுக்குத் துணி தைக்கும் பெண்ணொருத்தி ஒருநாள் மனம் வாடியிருந்தாள். காரணம் வினவியபோது, தன் குடும்பத்திலே பலரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்து இளமையிலேயே இறந்துபோயினர் என்றும், தானும் அவ்வாறே இறப்பது திண்ணம் என்றும் அவள் கூறினாள். அவள் சொன்னபடியே பின்னர்க் கருப்பைப் புற்றுநோயால் இறந்தாள். இதனைப் பேதைப் பெண்ணின் அச்சம் என்று தள்ளிவிடாமல், வார்தின் அக்குடும்பத்தின் வழிமுறையை ஆராய்ந்து 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்குடும்பத்துக்கு அவர் இட்ட பெயர் 'ஜீ குடும்பம்' என்பது. புற்றுநோய் பரம்பரையாக வருவதென்பதை அக்காலத்து அறிஞருள் ஏற்றுக்கொண்டவர் அரிது. நோயாளி சொல்லும் குடும்பக் கதையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு வைத்தியரினால் மருத்துவத்தில் ஒரு புதிய வழி திறந்தது. இக்காலத்து வைத்தியர்க்கு அதற்கு நேரங் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

வார்தினுக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, ஹென்றி லிஞ்ச் என்னும் அமெரிக்க வைத்தியர் இத்தகைய வேறிரு குடும்பங்களை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் அவர் ஜீ குடும்பத்தையுந் தேடிச் சென்று அதன் வழித்தோன்றல்களை ஆராய்ந்தார். அவர் பெயராலேயே இந்நோய்நிலை இன்று 'லிஞ்ச் நோய்க்கூட்டு' எனப்படுகிறது. இதற்குக் காரணமான பரம்பரை அலகுகள் 1993ஆம் ஆண்டு தொடக்கம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டன.

அவ்வலகுகளின் தொழிலை விளக்குதற்கு இம்மலரே நல்ல உவமை. ஒரு நூலை அச்சிடுமுன் படி திருத்துவோர் ஒருவர் இருந்து எழுத்துப் பிழைகளைக் களைவார். நம் உடம்பிலே ஒரு கலம் இரண்டாகப் பிரியுந்தோறும் அதனுள்ளிருக்கும் பரம்பரைச் செய்தி முழுவதும் புதிதாகப் படியெடுக்கப்படுகின்றது. அவ்வாறு படியெடுக்குங்கால் நேரும் பிழைகளைத் திருத்துதற்கெனச் சில புரதங்கள் உள. அவற்றை ஆக்குவதற்குரிய அலகு தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டு வருகின்றது. லிஞ்ச் குடும்பத்தினர்க்கு அவ்விரண்டில் ஒன்று பிறவியிலேயே பழுது. மற்றையதும் குடற்சுவரிலுள்ள ஏதேனும் ஒரு கலத்திலே பழுதாகுமாயின், திருத்துவோர் இல்லாத அச்சுக்கூடம் போலப் பிழைகள் மலிந்து, அக்கலம் புற்றாக மாறும். பழுதுற்ற அலகைப் பெற்றோர் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளையும் பெறுதற்கு இரண்டிலொன்று வாய்ப்புண்டு. ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை. பெருங்குடற் புற்றுநோயாளர் நூற்றுவருள் ஏறத்தாழ மூவர் இவ்வகையினர் என்பர்.

இதனின் வேறாய இன்னொரு பரம்பரை நோயும் உண்டு. அதிலே பதின்ம வயதிலேயே பெருங்குடலின் உட்சுவரெங்கும் 'பொலிப்பு' எனப்படும் சிறு சதைமுளைகள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் முளைக்கும். குடலை அகற்றாவிடின் நாற்பது வயதளவில் அவற்றுள் ஒன்றேனும் புற்றாவது ஏறக்குறைய உறுதி. இது பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்னுமளவில் காணப்படுவது. 5ஆம் நிறமூர்த்தத்திலுள்ள காரணமான அலகு 1991ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இதனைப் பலமுளை நோய் என்று இங்கு வழங்குவோம்.

இனி மருந்தைப் பற்றிச் சொல்வோம். நம்மவருள் தலைவலிக்குக் கடையிலே வாங்கும் குளிகையெல்லாம் ஒன்றென எண்ணுவார் பலர். அது தவறு. பனடோல் நோவையும் காய்ச்சலையும் தணிப்பது. வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு இல்லையெனலாம். இக்கட்டுரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிஸ்பிரின் என்ற பெயரிலே தண்ணீரிற் கரைத்துக் குடிக்கும் அஸ்பிரினும், மூட்டுவலிக்காரர் நன்கறிந்த புரூபன், டைக்ளோபினாக் முதலியனவுமே வீக்கந்தணி மருந்துகள். இவற்றுள் மூத்தது அஸ்பிரின். வில்லோ என்னும் மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கின்றதென்று எட்வர்ட் ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1763ஆம் ஆண்டில் அரச கழகத்துக்கு எழுதினார். அப்பட்டையின் சத்துக்கு உறவான ஒரு பொருளை 1897ஆம் ஆண்டில் பேயர் என்னும் செர்மன் நிறுவனத்தார் தூய நிலையில் ஆக்கி, 1899ஆம் ஆண்டில் அஸ்பிரின் என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினர். அது எவ்வாறு வேலை செய்கின்றது என்பது மட்டும் மேலும் எழுபதாண்டுகள் எவருக்குந் தெரியாது. 1971ஆம் ஆண்டிலே ஜோன் வேன் என்பார் அதனைக் கண்டறிந்தார். அதற்காக 1982ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

அவர் கண்டது இது: உடம்பில் எங்கேனும் காயமோ கிருமியோ நேர்ந்தால், அவ்விடத்துக் கலங்கள் ஒருவகை நொதியத்தின் உதவியால் புரொஸ்டகிளான்டின் என்னும் பொருள்களை ஆக்குகின்றன. வீக்கமும் வெம்மையும் நோவும் அவற்றின் விளைவே. அஸ்பிரின் அந்நொதியத்தைச் செயலற்றதாக்கிவிடுகின்றது. அந்நொதியம் இருவகைப்படும் என்பது 1990களின் தொடக்கத்திலே தெரிந்தது. ஒன்று இரைப்பையின் உட்சுவரைக் காப்பது, குருதி உறைதற்கு உதவுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்வது. மற்றையது வீக்கம் நேரும்போது மட்டும் எழுந்து வேலை செய்வது. இவ்விரண்டாவது நொதியம் பெருங்குடற் கட்டிகளிலே மிகுதியாயிருப்பதை 1994ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். புற்றுக்கலங்கள் பெருகவும், இறக்கவேண்டிய வேளையில் இறவாதிருக்கவும் அது துணைபோகின்றது. வீக்கந்தணி மருந்து புற்றையுந் தடுக்குமோ என்னும் எண்ணத்துக்கு இதனால் ஓர் அடிப்படை கிடைத்தது.

ஆனால் எண்ணம் பிறந்தது அதற்கும் முன்னரே. பலமுளை நோயாளர் சிலர்க்கு வேறொரு காரணம் பற்றி சுலின்டாக் என்னும் வீக்கந்தணி மருந்தைக் கொடுத்திருந்த அமெரிக்கச் சத்திர வைத்தியர் வடெல் என்பார், அவர்தம் குடலிலிருந்த முளைகள் சுருங்கியும் மறைந்தும் போனதைக் கண்டு வியந்து 1983ஆம் ஆண்டில் எழுதினார். பத்தாண்டு கழித்து ஜியார்டியெல்லோ என்பார் அதனை முறைப்படி சோதித்தார். 22 நோயாளர், ஒரு பகுதியார்க்குச் சுலின்டாக், மற்றோர்க்கு மருந்தில்லாப் போலிக் குளிகை, ஒன்பது மாதம். மருந்துண்டோரின் முளைகள் தொகையில் முன்னிருந்ததன் 44 சதவீதமாகவும் பருமனில் 35 சதவீதமாகவும் குறைந்தன. மருந்தை நிறுத்தியதும் அவை மீண்டும் வளரலாயின. முளை முற்றாக நீங்கியோர் எவருமிலர். முளை தோன்றுமுன்னரே இளைஞர்க்குக் கொடுத்தால் தடுக்குமோ என்று 41 பேரில் நான்காண்டு சோதித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, தடுக்கவில்லை என்றே முடிந்தது. சுலின்டாக் உட்கொண்டிருக்கும்போதே புற்றுநோய் தோன்றியோரும் உளர். முளை சுருங்குதல் வேறு, புற்றுநோய் தடைப்படுதல் வேறு என்னும் பாடத்தை மருத்துவ உலகம் இங்கே கற்றது. சிலர் பின்னரும் மறந்தனர்.

மறந்ததன் விளைவு பெரிது. இரைப்பையைக் காக்கும் முதல் நொதியத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் தடுக்கும் புதிய மருந்துகளை நிறுவனங்கள் ஆக்கின. அவற்றுள் செலிகொக்சிப் என்பதை 77 பலமுளை நோயாளர்க்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தபோது, மிகுந்த அளவு பெற்றோரின் முளைகள் 28 சதவீதம் குறைந்தன. போலிக் குளிகை பெற்றோர்க்கு 4.5 சதவீதம். அமெரிக்க அரசு 1999ஆம் ஆண்டின் இறுதியில் இந்நோய்க்கு அதனை அனுமதித்தது. உடன்பிறப்பான ரொபிகொக்சிப் என்னும் மருந்தோ, வயோக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் மூட்டுவலிக்கு விற்பனையாயிற்று. அதுவும் குடல்முளைகளைத் தடுக்குமா என்று ஏறக்குறைய 2,600 பேரில் சோதிக்கப்பட்டது. அச்சோதனையிலேதான் மருந்துண்டோர்க்கு மாரடைப்பும் பாரிசவாதமும் மிகுதியாக வருதல் வெளிப்பட்டு, 2004ஆம் ஆண்டு செத்தெம்பர் 30ஆம் நாள் மருந்து சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. அவ்வாண்டு திசெம்பரிலே செலிகொக்சிப்புக்குரிய குடல்முளைச் சோதனையிலும் அதே ஆபத்துத் தென்படவே, அங்கும் மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. பலமுளை நோய்க்கு அளித்த அனுமதியையும் நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் தாமே மீளப்பெற்றனர். நோயில்லாதவர்க்கு நோய் தடுக்கவென்று மருந்து கொடுப்போர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டுவதில்லை.

அஸ்பிரினின் கதை வேறு வழியாக வந்தது. அவுத்திரேலியாவின் மெல்பேண் நகரத்திலே கூன் என்பார் பெருங்குடற் புற்றுநோயாளரையும் நோயிலாரையும் ஒப்பிட்டு, அஸ்பிரின் உண்பாரிடத்து அந்நோய் குறைவாயிருத்தலை 1988ஆம் ஆண்டில் அறிவித்தார். 1991ஆம் ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தார் 6,62,424 பேரின் வரலாற்றைக் கணித்து, மாதத்தில் பதினாறு முறையோ அதற்கு மேலோ அஸ்பிரின் உண்டோர் பெருங்குடற் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ 40 சதவீதம் குறைவெனக் கண்டனர். எனினும் இவை பார்த்து அறிந்தவை. கொடுத்துச் சோதித்தவை அல்ல. நாடோறும் அஸ்பிரின் உண்பவர் தம் உடல்நலத்தில் வேறு வகையிலும் கவனமுடையவராயிருக்கலாமன்றோ?

ஆகவே இங்கிலாந்தின் நியூகாசில் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜோன் பேர்ன் என்பார் நேரிய சோதனையொன்றை வகுத்தார். புற்றுநோய் வருமோ வாராதோ என்று பொதுமக்களிற் சோதிப்பின் பல்லாயிரவரைப் பல்லாண்டு காத்திருந்து பார்க்கவேண்டும். லிஞ்ச் குடும்பத்தினர்க்கோ நோய் வரும் வாய்ப்பு மிக உயர்வு. சில நூறு பேரிலேயே விடை கிடைக்கும். பல நாடுகளிலுள்ள 43 நிலையங்களிலிருந்து 861 பேர் இசைந்து வந்தனர். 427 பேர்க்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அஸ்பிரின், அஃதாவது பெரிய குளிகை இரண்டு. 434 பேர்க்கு அதே தோற்றமுள்ள போலிக் குளிகை. எவர்க்கு எது என்பது கொடுப்பாருக்கும் தெரியாது, உண்பாருக்கும் தெரியாது. ஆட்சேர்ப்பு 1999 தொடக்கம் 2005 வரை நடந்தது. சராசரி இரண்டாண்டுக்குச் சற்று மேலாக ஒவ்வொருவரும் மருந்துண்டனர்.

2008ஆம் ஆண்டில் முதல் முடிவு வெளிவந்தது: இரு பகுதியார்க்கும் வேறுபாடில்லை! பணமும் உழைப்பும் வீணாயிற்று என்று பலர் எண்ணியிருப்பர். ஆயின் பேர்ன் குழுவினர் தொடக்கத்திலேயே பத்தாண்டு பின்தொடர்வது என்று வகுத்திருந்தனர். மருந்து நிறுத்திப் பல காலம் கடந்த பின்னும் அம்மக்களைத் தொடர்ந்து கண்காணித்தனர். 2011ஆம் ஆண்டில் கணக்கிட்டபோது அஸ்பிரின் பெற்றோருள் 18 பேர்க்கும் போலிக் குளிகை பெற்றோருள் 30 பேர்க்கும் பெருங்குடற் புற்றுநோய் வந்திருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாம் என்று ஐயுறத்தக்க அளவினதே. ஆயின் இரண்டாண்டு முழுமையாக மருந்துண்டோரை மட்டும் எடுத்து நோக்கியபோது நோய் பாதிக்கு மேற் குறைந்திருந்தது. 2020ஆம் ஆண்டிலே பத்தாண்டுக் கணக்கு வெளியாயிற்று: அஸ்பிரின் பகுதியில் 40 பேர், போலிப் பகுதியில் 58 பேர். நூற்றுக்கு 13 ஆயிருந்தது 9 ஆகக் குறைந்தது. இப்பொழுது ஐயத்துக்கு இடம் மிகச் சிறிதே. இருபத்தைந்து பேர் இரண்டாண்டு குளிகையுண்டால் பத்தாண்டில் ஒருவர் அந்நோயினின்று தப்புவர் என்பது அதன் பொருள். மருந்துண்ட காலத்திலே தீய விளைவுகளும் இரு பகுதியார்க்கும் ஏறத்தாழ ஒத்திருந்தன.

இன்று தின்ற குளிகை ஐந்தாண்டு கழித்துப் பயன் தருவது எங்ஙனம்? கட்டியாக உருவெடுக்குமுன், கண்ணுக்குத் தோன்றாத நிலையிலிருக்கும் பழுதுற்ற கலங்களை அஸ்பிரின் தாமே மடியச் செய்கின்றது போலும் என்பது பேர்ன் அவர்களின் கருத்து. பூண்டுகளிலே கிருமி தொற்றிய கலம் தானே மடிந்து ஏனையவற்றைக் காத்தற்கு இச்சத்தே ஏவுகின்றது என்பதையும் அவர் எடுத்துக்காட்டுவார். கருத்து அழகியது, முற்றும் நிறுவப்பட்டதன்று.

இதே சோதனையில் இன்னொரு பகுதியும் உண்டு. நம்மவர்க்கு அது சுவை பயக்கும். சிறுகுடலிற் செரியாது பெருங்குடலைச் சென்றடையும் ஒருவகை மாப்பொருளை நாளொன்றுக்கு 30 கிராம் வீதம் சிலர்க்குக் கொடுத்தனர். முற்றாகப் பழுக்காத வாழைப்பழத்திலும், சமைத்து ஆறவைத்த சோற்றிலும் இவ்வகை மாப்பொருள் உண்டு. பெருங்குடற் புற்றை அது தடுக்கவில்லை. ஆயின் 2022ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இரைப்பை, கணையம் முதலிய பிறவிடத்துப் புற்றுநோய்கள் அதனை உண்டோரிடத்துக் குறைந்திருந்தன: 463 பேருள் 27, உண்ணாத 455 பேருள் 48. இதைக் கேட்டதும், எங்கள் ஊர்ப் பழஞ்சோற்றுச் சட்டியைத் தேடி ஓடவேண்டா. அவர்கள் கொடுத்தது சோளத்திலிருந்து எடுத்து அளந்த தூள். மூத்தம்மா பிசைந்து தரும் பழஞ்சோறு அன்று. எனினும் அதனை இழிவாக எண்ணிப் பாணுக்கு மாறியோர் சற்றுச் சிந்திக்கலாம்.

இங்கிலாந்தின் மருத்துவ நெறிக்குழு 2020ஆம் ஆண்டிலே, லிஞ்ச் நோய்க்கூட்டு உறுதியானோர்க்கு அஸ்பிரினை நாடோறும் இரண்டாண்டுக்கு மேல் கொடுப்பதுபற்றி எண்ணிப்பார்க்கலாம் என்று விதந்துரைத்தது. எவ்வளவு கொடுப்பது என்பதே அப்போது எஞ்சியிருந்த கேள்வி. 600 மில்லிகிராம் வேண்டுமா, அல்லது இருதய நோயாளர் உண்ணும் 100 மில்லிகிராம் போதுமா என்பதையறிய 100, 300, 600 ஆகிய மூன்று அளவுகளையும் ஒப்பிடும் மூன்றாவது சோதனையை அதே குழுவினர் 2014ஆம் ஆண்டில் தொடங்கினர். பலமுளை நோயிலே யப்பானியர் முளைகளை முன்னதாக அகற்றிவிட்டு 100 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர். எட்டு மாதத்தின் பின் பெருமுளை மீண்டுந் தோன்றியோர், அஸ்பிரின் பெறாதாருள் நூற்றுக்கு 50, பெற்றாருள் 30. ஆசிய உடம்புக்கும் சிற்றளவு பயன்படலாம் என்பதற்கு இஃதோர் அறிகுறி.

இதனை வாசித்துவிட்டு நாளைக் காலையே பார்மசிக்குச் சென்று அஸ்பிரின் வாங்கி விழுங்கத் தொடங்குவாரும் இருப்பர். அவர்கள் பொருட்டு 2018ஆம் ஆண்டின் ஆராய்ச்சியொன்றைச் சொல்லவேண்டும். அவுத்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உடல்நலமுள்ள முதியோர் 19,114 பேர்க்கு நாடோறும் 100 மில்லிகிராம் அஸ்பிரினோ போலிக் குளிகையோ கொடுக்கப்பட்டது. அஸ்பிரின் உண்டோர்க்கு நன்மை விளையவில்லை. குருதிப்பெருக்கு மிகுந்தது, இறப்பும், அதிலும் புற்றுநோய் இறப்பு, சற்று மிகுந்தே காணப்பட்டது. பரம்பரைப் பழுது இல்லாத முதியவர்க்கு நியூகாசில் சோதனையின் முடிவு பொருந்தாது. நடுவயதில் தொடங்குவதும் எழுபதில் தொடங்குவதும் ஒன்றல்ல.

பழுதுள்ளவர்க்கும் இடையூறுகள் உண்டு. 'அல்சர்' எனப்படும் இரைப்பைப் புண் உள்ளவர், குருதி உறையாமைக்கு வேறு மருந்துண்பவர், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதவர் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் தொடுதல் கூடாது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுத்தல் ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோயொன்றுக்கு ஏதுவாகலாம். எங்கள் பகுதிக்குச் சிறப்பாக உரிய ஆபத்து டெங்கு. அந்நோயிலே குருதிச் சிறுதட்டுகள் குறைந்து உடம்பினுள்ளே குருதி கசிவதுண்டு. அஸ்பிரினோ சிறுதட்டுகளின் செயலை அவை வாழும் எட்டு பத்து நாளும் கெடுத்துவிடுவது. ஆதலால் மாரிகாலத்திலே காய்ச்சல் கண்டால் அஸ்பிரின் உண்பவர் உடனே வைத்தியரிடம் சென்று, தாம் அதனை உண்பதை முதற்கண் சொல்லவேண்டும். இடைப்பட்ட நேரத்திலே காய்ச்சலுக்குப் பனடோல் ஒன்றே தக்கது. புரூபனும் டைக்ளோபினாக்கும் ஆகா. நோன்பு மாதத்திலே வெறுவயிற்றிற் குளிகையை விழுங்காது, நோன்பு திறந்து உணவுண்ட பின் கொள்வது இரைப்பைக்கு நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, அஸ்பிரின் குடற்பரிசோதனைக்கு மாற்று அன்று. பின்லாந்திலே 252 லிஞ்ச் குடும்பத்தினரைப் பதினைந்தாண்டு கவனித்தனர். மூன்றாண்டுக்கொருமுறை குழாய்க்கருவியாற் குடலைப் பார்த்து முளைகளை அகற்றிக்கொண்டோர் 133 பேருள் 8 பேர்க்கும், அகற்றாத 119 பேருள் 19 பேர்க்கும் புற்றுநோய் வந்தது. முதற் பகுதியில் அதனால் இறந்தவர் எவருமிலர், மற்றதில் ஒன்பதின்மர். மேற்கு நாடுகளில் இவர்களுக்கு இருபத்தைந்து முப்பத்தைந்து வயதிலிருந்தே இரண்டாண்டுக்கு ஒருமுறை அப்பரிசோதனை செய்கின்றனர். எங்கள் ஊர்ப் பெண்கள் நாணத்தாலும் ஆண்கள் வீம்பாலும் இப்பரிசோதனையைத் தள்ளிப்போடுவர். இரத்தம் போவதை மூலநோய் என்று தாமே தீர்மானித்துக் கொண்டு, இரண்டாண்டு கைமருந்து செய்த பின்னரே வைத்தியசாலைக்கு வருவோர் எத்தனையோ பேர்.

எவர் இக்குடும்பத்தினர் என்று அறிவது எப்படி? மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓர் எளிய கணக்கு அம்ஸ்ரர்டாம் நகரத்திலே வகுக்கப்பட்டது. உறவினர் மூவர்க்குப் பெருங்குடலிலோ கருப்பையிலோ இவ்வகைப் புற்றுநோய், அம்மூவருள் ஒருவர் ஏனையிருவர்க்கும் பெற்றோரோ பிள்ளையோ உடன்பிறந்தாரோ ஆதல், தலைமுறை இரண்டிலேனும், அவருள் ஒருவரேனும் ஐம்பது வயதுக்கு முன் நோயுற்றிருத்தல். இக்கணக்குப் பொருந்தினால் ஆராயவேண்டும். பொருந்தாவிடினும், ஐம்பதுக்கு முன் ஒருவர்க்கு இந்நோய் வந்திருப்பின் வைத்தியரிடம் கேட்பதிற் தவறில்லை. சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த கட்டியின் மெழுகுத் துண்டிலேயே, பிழைதிருத்தும் புரதம் உளதா இலதா என்று சாயமிட்டுப் பார்க்கலாம். பரம்பரை அலகைச் சோதித்தற்கும் ஆலோசனை பெறுதற்கும் கொழும்புச் சர்வகலாசாலை வைத்திய பீடத்தில் மனிதப் பரம்பரையியற் பிரிவொன்று உண்டு.

வைத்தியர் முதலிற் கேட்பது குடும்ப வரலாறே. இங்கேதான் குடிமுறை நம்மை வழிதவறச் செய்கின்றது. பெண்வீட்டோடு சென்று வாழும் வழக்கினால் நாம் உம்மாவின் உறவினரை நெருங்கியறிவோம். வாப்பாவின் உறவினரைத் திருமணத்திலும் மையத்திலும் மட்டுமே காண்போம். குடி தாய்வழியாக மட்டும் வரும்; பழுதுற்ற அலகோ இருவழியாலும் வரும். வாப்பா நோயின்றி எண்பது வயது வரை வாழ்ந்திருந்தாலும், அவருடைய தங்கை நாற்பதிலே கருப்பைப் புற்றால் இறந்திருப்பின், அப்பழுது அவர் வழியாக உங்களிடம் வந்திருத்தல் கூடும். அந்த மாமியின் மரணத்தை எவரும் குடல் நோயோடு சேர்த்து எண்ணியிருக்கமாட்டார்.

மாமன் மகள், மாமி மகன் என்று உறவினுள் மணஞ்செய்யும் வழக்குத் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொது. அதனாலேயே லிஞ்ச் நோய்க்கூட்டு உண்டாவதில்லை. ஒரு பழுதே அதற்குப் போதும். ஆனால் ஒரே பாட்டனிடமிருந்து அதே பழுதைக் கணவனும் மனைவியும் பெற்றிருப்பின், அவர்தம் பிள்ளை இரண்டையும் பெறுதற்கு நான்கிலொன்று வாய்ப்புண்டு. அத்தகைய பிள்ளைக்குச் சிறுவயதிலேயே மூளைக்கட்டியோ இரத்தப் புற்றோ குடற்புற்றோ வரும். உடம்பிலே தேநீர் நிறத்த தழும்புகள் காணப்படுவது அதற்கொரு குறி. குடும்பத்தில் இளவயதுக் குடற்புற்று இருப்பது தெரிந்தும் உறவினுள் மணம் பேசுவோர், பேச்சு முடியுமுன் ஒரு வைத்தியரை அணுகுதல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையிலே இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களிலே வீட்டுக்கு வீடு மூத்தோர் போயினர். வைத்தியசாலைத் துண்டுகளும் நோய்க் குறிப்பேடுகளும் பெட்டியோடு போயின. இன்னார் என்ன நோயால் எவ்வயதில் இறந்தார் என்பதைச் சொல்லவல்லாரே இல்லாத குடும்பங்கள் உள. எஞ்சியிருக்கும் மூத்தம்மாமாரும் பெரியவர்களும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே ஒரு தாளை எடுத்து, உம்மா வழி ஒருபுறமும் வாப்பா வழி ஒருபுறமுமாக, பெயர், இறந்த வயது, நோய் தோன்றிய வயது, உடம்பில் எவ்விடம், எந்த வைத்தியசாலை என்று கேட்டு எழுதிவைத்தல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. "வயிற்றுக் கோளாறு" என்று மட்டும் அவர்கள் சொன்னால், அவருக்கு வெளியே போகும்போது இரத்தம் போனதா, உடம்பு மெலிந்தாரா, பெண்ணாயின் மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டாரா என்று மெல்லக் கேட்கவேண்டும். ஜீ குடும்பத்தின் வழித்தோன்றல்களை ஏறத்தாழ நூறாண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடித்து, அவர்தம் பழுது எந்த அலகிலே உள்ளது என்று சொல்ல முடிந்ததும், 1895ஆம் ஆண்டில் ஒருவர் கேட்டு எழுதிவைத்த தாள் எஞ்சியிருந்ததனாலேயே.